குடை பிடித்த யானையும் என் விளம்பரமும்

பொங்கல் முடிந்த கையோடு வேலையை விட்டேன். அருள்புரம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் பிரின்ட் டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன். குழந்தைகள் டீ-ஷர்ட்டில் நெஞ்சுக்கு நேரே வருகிற பூனை, கார், வானவில் எல்லாம் என் கைவேலை. இனிமேல் யாருக்கும் சம்பளக்காரி இல்லை, ஃப்ரீலான்சர் என்று சொன்னதும் மேனேஜர் சிரித்தார். "போய்ப் பாரும்மா. தீபாவளி வரைக்கும் உன்ற சேர் காலியாத்தான் இருக்கும்" என்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா அழுதாள். அவள் வேறொரு கம்பெனியில், தைத்து வந்த துணியில் பழுது தேடும் செக்கிங் டேபிளில் இருக்கிறாள். இருக்கிறாள் என்று பேச்சுக்குச் சொல்கிறேன், காலையிலிருந்து இரவு வரை நிற்கிறாள். என் வேலையில் அவளுக்குப் பிடித்த ஒரே விஷயம் அந்தச் சேர்தான். "உக்காந்து பாக்குற வேலைய எவளாவது விடுவாளாட்டி?" என்று கேட்டுவிட்டு வீங்கிய காலை வெந்நீரில் வைத்தாள்.

கிளையண்டைப் பிடிப்பது எப்படி என்று வீடியோவில் கோட்டு போட்ட ஒருவர் பாடம் எடுத்தார். அவருக்கு யார் கிளையண்ட் என்பதைக் கடைசிவரை சொல்லவில்லை. 'நீங்கள்தான் உங்கள் பிராண்ட்' என்றார். சரி என்று நானும் பிராண்ட் ஆனேன். தங்க எழுத்தில் 'கிரியேட்டிவ் கன்சல்டன்ட்' என்று கார்டு அடித்தேன். கையைக் கட்டிக்கொண்டு எதிர்காலத்தைப் பார்ப்பது போல ஒரு போட்டோ எடுத்தேன். உண்மையில் பார்த்தது ஸ்டுடியோவின் சீலிங் ஃபேனை. தினமும் விடிந்ததும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தன்னம்பிக்கை வாசகம் ஒன்று போட்டேன். அதைப் பார்த்து இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுகள் கும்பிட்டார்கள், என்னைப் போலவே கிளையண்ட் தேடும் மற்ற ஃப்ரீலான்சர்கள் கை தட்டினார்கள். ஒரு கம்பெனிக்காரர்கூட எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு நேரிலேயே கிளம்பினேன். அங்கேதான் ஏமாந்தேன். எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். அங்கே வேண்டாம் என்றால் தெருமுனை வரை கேட்கும். இங்கே கம்பெனிக்குள் இருந்தவரை என்னிடம் யாரும் மரியாதையாகப் பேசியதில்லை. "ஏம்மா, முடிஞ்சுதா?" என்பதோடு சரி. வெளியாளாகக் கார்டோடு போய் நின்றால், அடேயப்பா! "வாங்க, உக்காருங்க, தண்ணி சாப்புடறீங்களா?" என்று தடபுடல். டிசைனைப் பார்த்து "அருமைங்க" என்றார்கள். வாசல்வரை வந்து "பாத்துச் சொல்றனுங்க" என்று வழியனுப்பினார்கள். நானும் இதையெல்லாம் ஆர்டர் என்றே நம்பி, இன்றைக்கு ரெண்டு கம்பெனி ஓகே என்று அம்மாவிடம் போய்ப் பீற்றிக்கொண்டேன். இந்த ஊரில் முடியாது என்பதற்குத்தான் இத்தனை உபசாரம் என்று தெரிவதற்குள் எவ்வளவு டீ குடித்திருப்பேன்!

எல்லோரையும்விட மரியாதைக்காரர் பெரிய கம்பெனி முதலாளி ஒருவர். வெள்ளை வேட்டி சட்டை, நெற்றியில் விபூதி. "சாம்பிளுக்கு ஒண்ணு போட்டுக் காட்டுங்க கண்ணு" என்றார். கண்ணு என்றதில் உருகிப்போய் ராப்பகலாக உட்கார்ந்து ஒரு யானை வரைந்தேன். தும்பிக்கையில் குடை, கால் நகங்களுக்குச் சிவப்பு பாலிஷ். அப்படியே ஃபைலை அனுப்பி வைத்தேன். ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது. "வெளிநாட்டுப் பையருக்குப் பிடிக்கலீங்க கண்ணு. தப்பா நினைச்சுக்காதீங்க." நான் தப்பாக நினைக்கவில்லை. நன்றிகூடச் சொன்னேன்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா காதர்பேட்டைக்குப் போய் வந்தாள். எக்ஸ்போர்ட்டில் மிஞ்சினது, கழித்தது எல்லாம் அங்கேதான் குவிந்து கிடக்கும். வேலைக்குப் போகும்போது சேலைக்கு மேல் போட்டுக்கொள்ள அவளுக்கு ஒரு பெரிய டீ-ஷர்ட் வேண்டியிருந்தது. அதை விரித்துக் காட்டி, "இந்த யானையப் பாரு, பவுசுக்காரி! நகத்துக்குப் பாலிசுல்லாம் போட்டுருக்கா" என்றாள்.

என் யானை. கழுத்துப் பட்டியில் கத்தரித்த லேபிளின் மிச்சம் தொங்கியது. அந்த ஃபைலை நான் அனுப்பியது வேட்டிக்கார முதலாளி ஒருவருக்குத்தான். விஷயத்தைச் சொன்னதும் அம்மா டீ-ஷர்ட்டைத் தலைவழியே மாட்டிக்கொண்டு "விடிஞ்சதும் அவன் கம்பெனிக்கு நடட்டி" என்றாள்.

மறுநாள் முதலாளி எங்களைப் பார்த்ததும் எழுந்தே நின்றார். யானையையும் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. "வாங்கம்மா, உக்காருங்க. தண்ணி சாப்புடறீங்களா?"

அம்மா உட்காரவில்லை. "எங்க ஊர்ல வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுவோம், வேணும்னா வேணும்னு சொல்லுவோம். நீங்க வேண்டாம்னு சொல்லிட்டுல்லா எடுத்திருக்கிய?"

"அப்படீங்களா? நம்ம பசங்க யாராச்சும் தெரியாம பண்ணியிருப்பாங்க. விசாரிச்சுச் சொல்றனுங்க" என்றார். வாசல்வரை வந்து வழியும் அனுப்பினார். வெளியே வந்து நான்தான் அழுதேன். அம்மா அழவில்லை.

அவள் அந்த டீ-ஷர்ட்டைக் கழற்றவே இல்லை. இரவில் துவைத்துக் காலையில் அதையே போட்டுக்கொண்டு போனாள். கேட்டவர்கள், கேட்காதவர்கள் எல்லோரிடமும் "எம் மவ வரைஞ்சது. களவாண்டுட்டானுவ" என்றாள். களவு போன பொருளுக்கு ஊரில் தனி மதிப்புதான் போலும். தையல் லைனிலிருந்து பேக்கிங் வரை கதை போயிற்று. ஒடிசாப் பிள்ளைகள் அவளை "ஹாத்தி அம்மா", அதாவது யானை அம்மா, என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கோட்டுக்காரர் சொல்லித் தராத விளம்பரம் செக்கிங் டேபிளில் நாள் முழுக்க நின்றுகொண்டிருந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம் அம்மாவின் கம்பெனியிலிருந்து ஒரு போன். அங்கே ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர். அருமைங்க என்று சொல்லவில்லை, கண்ணு என்று குழையவும் இல்லை. எடுத்த எடுப்பில், "ஒரு டிசைனுக்கு என்ன ரேட்டுங்க?" என்றார். இத்தனை மாதத்தில் இந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது. ரேட்டைச் சொன்னேன்.

"சரிங்க. சாம்பிளுக்கு ஒண்ணு..."

"சாம்பிள் உங்க செக்கிங் டேபிள்லயே நிக்குதுங்களே" என்றேன்.

அவர் சிரித்தார். "வேலைய ஆரம்பிச்சுருங்க" என்றார்.

அன்று சாயங்காலமே பழைய மேனேஜர் கூப்பிட்டார். சேருக்கு வேறு ஆள் பார்க்கட்டுமா, வருகிறாயா என்று கேட்டார்.

"ரொம்ப சந்தோசமுங்க சார். பாத்துச் சொல்றனுங்க" என்றேன்.

அவர் இந்த ஊர்க்காரர். மறுநாளே ஆள் போட்டுவிட்டார்.

முதல் டிசைனுக்கு வந்த பணத்தில் ஒரு சேர் வாங்கினேன். பகலில் அதில் நான் உட்கார்ந்து வரைகிறேன். வேலை முடிந்து வந்ததும் அம்மா என்னை எழுப்பிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்துகொள்கிறாள்.