பேக்கரிக்காரியை யாருக்குக் கொடுப்பது

எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையில் நாங்கள் மூன்று பேர் ஒரே மேசையில் சாப்பிடுவோம். நான் புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கலியாணம் முடித்துக் கண்டிக்கு வந்தவள், தமிழ் படிப்பிக்கிறேன். பக்கத்தில் விஞ்ஞான டீச்சர். திகனையிலிருந்து பஸ்ஸில் வருபவர், முஸ்லிம். கணவர் மாரடைப்பில் இறந்து, அவர் சொல்வதுபோல் ‘மவுத்தாகி’, சில வருடங்களாகின்றன. பெரிய வகுப்பில் படிக்கும் ஒரே மகளோடு, நானா என்று அவர் கூப்பிடும் மூத்த சகோதரரின் வீட்டு மேல்மாடியில் இருந்தார். எங்களுக்கு எதிரே கணித டீச்சர், யாழ்ப்பாணத்தவர். அவருடைய கணவரும் பிள்ளையும் ஊரில். இவர் கட்டுகஸ்தோட்டையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார்.

பாடத்திட்டத்தைப் பற்றியோ அதிபரைப் பற்றியோ பேசி நாங்கள் நெருங்கவில்லை. கொரிய நாடகங்கள்தான் எங்களைச் சேர்த்து வைத்தன. விஞ்ஞான டீச்சர் முதல்நாளே போனில் இறக்கி வைத்து, பஸ்ஸில் யன்னலோரம் இருந்து பார்த்துக்கொண்டு வருவார். நான் சமையலறையில், போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துப் பார்ப்பேன். கணித டீச்சர் தான் பார்ப்பதில்லை என்றுதான் சொல்வார். ஆனால் ஓர் எபிசோட்டையும் தவறவிட்டதில்லை.

நான் சொல்ல வருகிற வருடத்தில் ஒரு நாடகம் எங்களைப் பிடித்து ஆட்டியது. ஒரு துறைமுக ஊரில் தனியாக பேக்கரி நடத்தும் பெண். அவளை விரும்பும் இரண்டு ஆண்கள். ஒருவன் தலைநகரத்துப் பணக்கார வீட்டுப் பிள்ளை. மழையில், நடு ரோட்டில் நின்று, எல்லாருக்கும் கேட்க அவளை நேசிப்பதாகக் கத்துகிறவன். மற்றவன் அந்த ஊர்த் தச்சன். அதிகம் பேசமாட்டான். அவள் இல்லாத நேரம் வந்து பேக்கரிக் கூரையின் ஒழுக்கை அடைத்துவிட்டுப் போவான். விஞ்ஞான டீச்சர் அவனை ‘எங்கட ஓடாவி’ என்றே சொல்வார். அவர்கள் ஊரில் தச்சு வேலை செய்கிறவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பேக்கரிக்காரியை யாருக்குக் கொடுப்பது என்பதில் எங்கள் மேசை பிளந்து கிடந்தது.

“மனசுல இருக்கறத வாயத் தொறந்து சொல்றான் பாருங்க. அதுக்கே அவனுக்குக் குடுத்துடலாம்” என்பேன் நான். என் அப்பா அம்மாவிடம் ஓர் அன்பான வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. என் கணவரும் நல்லவர்தான். கறி ருசியாக இருந்தால் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்வார், அவ்வளவுதான். கத்துகிறவன்மேல் எனக்கு ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை.

“சொல்ற வேல லேசு டீச்சர்” என்பார் விஞ்ஞான டீச்சர். “அந்தக் கூரையப் பாருங்க. மழ வர முந்தி வந்து செஞ்சிட்டுப் போயிட்டார். அந்தப் புள்ளக்கித் தெரியவும் தெரியா. அதுதான் மனிசன்.”

“எனக்கு ரெண்டு பேரையும் பிடிக்கேல்லை” என்பார் கணித டீச்சர். “எத்தினை கிழமைக்கு ஒருத்தற்றை முகத்தை ஒருத்தர் பாத்துக்கொண்டு நிக்கிறது? கடைசியில ஒரு முத்தம், அதுக்கும் மழை பெய்ய வேணும். நான் உதில போன் கதைக்கிற இடத்துக்காகத்தான் பாக்கிறன். பாருங்கோ, எப்பிடிச் சிரிச்சுச் சிரிச்சுக் கதைக்கினம். என்ரை மனுசன் எடுத்தா முதல் கேள்வி, காஸ் அடுப்பைப் பூட்டினனியோ எண்டுதான்.”

இப்படிச் சிரித்துக்கொண்டே இடைவேளை முடியும். ஒருநாள் விஞ்ஞான டீச்சர் சண்டைக்கே வரவில்லை. அதற்கு முதல்நாள் எபிசோட்டில் அவருடைய ஓடாவி ஏணியிலிருந்து விழுந்திருந்தான். நான் வேண்டுமென்றே கிண்டல் பண்ணினேன். அவர் சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

“நானா ஒரு கலியாணம் பேசிட்டு வந்திரிக்கார்” என்றார் கடைசியில். “அக்குறணைப் பக்கம். ஹாட்வெயார் கடை வெச்சிரிக்கார். அவர்ட பொஞ்சாதியும் மவுத்தாகிட்டா. ஒரு மகள் இரிக்கி.”

முன்பும் இரண்டொரு பேச்சு வந்து, அவர் மறுத்ததை நாங்கள் அறிவோம். இதற்கும் வேண்டாம் என்றுதான் சொன்னாராம். ஒருதடவை வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நானா பிடிவாதமாக இருந்தாராம்.

“நீங்க ரெண்டு பேரும் வரோணும். வீட்டாக்கள் மட்டும் இரிந்தா எனக்கு வாய் திறக்க ஏலா.”

அந்தச் சனிக்கிழமை கணித டீச்சர் ஊருக்குப் போகும் பயணத்தை விட்டுவிட்டு என்னோடு திகனை பஸ்ஸில் ஏறினார். நல்ல சேலை உடுத்திருந்தார். “பொம்பிளை பாக்க வாற ஆள் எங்களைப் பாத்துப் பயந்திடப் போறார்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

வந்தவர் ஏற்கெனவே பயந்துதான் இருந்தார். கொஞ்சம் பருத்த மனிதர். வெள்ளைச் சேர்ட், நரை கலந்த தாடி. கதிரையின் நுனியில் இருந்தார். பக்கத்தில் நானா. எதிர்ச் சோபாவில் விஞ்ஞான டீச்சருக்கு இருபுறமும் நாங்கள். நானாவின் மனைவி ரோல்ஸும் வட்டிலப்பமும் கொண்டுவந்து வைத்தார். மழையைப் பற்றிப் பேசினோம். சீமெந்து விலையைப் பற்றி நானா பேசினார். பிறகு யாருக்கும் எதுவும் வரவில்லை. மின்விசிறி மட்டும் கடகடவென்று ஓடியது.

அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. “டீச்சர் நல்லா நாடகம் பாப்பாங்க. கொரியன் நாடகம்” என்று சொல்லிவிட்டேன்.

நானாவின் முகம் சுருங்கியது. விஞ்ஞான டீச்சர் என் தொடையில் கிள்ளினார். நாற்பது பிள்ளைகளை அடக்குகிற டீச்சரைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறொன்றும் கிடைக்கவில்லையா என்று நானே நொந்துகொண்டேன்.

வந்தவர் நிமிர்ந்தார். “எந்த நாடகம்? அந்த பேக்கரிப் புள்ளட நாடகமா?”

நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தோம்.

“மகள் பாக்குற” என்றார் அவர், கொஞ்சம் வெட்கத்தோடு. “அவட உம்மா மவுத்தான பொறகு புள்ள என்னோட இரிந்து சாப்புடுற இல்ல. நாடகம் போட்டா வந்து இரிப்பா. அப்பிடியே நானும் பாத்துப் பழகிட்டேன்.”

கணித டீச்சருக்கு அதற்குமேல் பொறுமையில்லை. “அப்ப சொல்லுங்கோ, அவளை ஆருக்குக் குடுக்கிறது? கத்துறவனுக்கோ, கூரை கட்டுறவனுக்கோ?”

அவர் உண்மையாகவே யோசித்தார். கையிலிருந்த ரோல்ஸைத் தட்டில் திரும்ப வைத்தார்.

“ரெண்டு பேருக்கும் குடுக்க ஏலா” என்றார். “ஒத்தர் ரோட்டுல நிண்டு கத்துறார். அந்தப் புள்ள வெக்கத்துல தலையக் குனிஞ்சிட்டு நிக்கிறா. மத்தவர் அவ இல்லாத நேரம் வந்து கூரைய பிரிக்கிறார். கூரைய செய்யவா எண்டு அவட்ட கேட்டாரா? உங்களுக்கு என்னத்த விருப்பம் எண்டு ரெண்டு பேர்ல ஆரும் ஒரு எபிசோட்லயாவது கேட்டாங்களா? மகள்ட்டயும் இதத்தான் சொன்னேன். அவ என்னோட கோவிச்சிட்டா. அவ ஓடாவிட பக்கம்.”

ஓடாவி என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் விஞ்ஞான டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தினார். சிரிப்பு அடங்கியதும் முதல்முறையாக அவரை நேரே பார்த்தார்.

“அப்ப நீங்க கேளுங்க” என்றார்.

வந்தவர் நானாவைப் பார்த்தார். நானா தலையசைத்தார். “ஸ்கூலுக்குத் தொடந்து போக விருப்பமா? உங்கட மகளுக்கு அக்குறணைக்கு வர ஏலுமா, இல்லாட்டி அவட சோதன முடியும் வர இஞ்சயே இரிக்கோணுமா?” கொஞ்சம் நிறுத்தினார். “என்னய விருப்பமில்லாட்டி அதயும் சொல்லுங்க. நான் கோவிக்க மாட்டேன். இப்பயே சொல்லோணும் எண்டும் இல்ல.”

விஞ்ஞான டீச்சர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். வேலையை விடமாட்டேன். மகளின் பரீட்சை முடியும்வரை திகனைதான். பிறகு தானும் ஒன்று கேட்டார்: “உங்கட மகளுக்கு இதுல விருப்பமா?”

“இன்னம் இல்ல” என்றார் அவர். மழுப்பவில்லை.

“அப்ப அவவுக்கு விருப்பம் வரட்டும். அது வர பாப்போம்.”

திரும்பி வரும் பஸ் குண்டசாலையைத் தாண்டியது. கணித டீச்சர் சொன்னார்: “என்னட்டை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. கலியாணம், வேலை, இந்த ஊருக்கு வந்தது, எல்லாம் தன்பாட்டில நடந்தது.” யன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “எண்டாலும் காஸ் பூட்டினனியோ எண்டு கேக்கிறார்தானே. அதுவும் ஒரு கேள்விதான், என்ன?” என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அந்த நாடகம் முடிந்தது. பேக்கரிக்காரி கத்துகிறவனைத்தான் கட்டினாள். என் கட்சி வென்றது. ஆனால் அந்தக் கலியாணக் காட்சியில் அவன் அவளுக்குச் சொல்லாமலே தலைநகரத்தில் ஒரு பெரிய கடை வாங்கிக் கொடுத்தான். அவள் கண்ணீர் விட்டுச் சிரித்தாள். எனக்கு, ஏனடா கேட்காமல் வாங்கினாய் என்றுதான் இருந்தது. என் நாடகங்களை அந்த மனிதர் கெடுத்துவிட்டார் என்று திங்கட்கிழமை முறையிட்டேன்.

அந்தக் கடைசி எபிசோட்டினால் வேறொன்றும் நடந்தது. வாப்பாவின் போனிலிருந்து அக்குறணைக்காரரின் மகள் விஞ்ஞான டீச்சருக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். “ஆன்ட்டி, கடைசி எபிசோட் பாத்தீங்களா?” டீச்சர் பதில் போட்டாராம்: “பாத்தேன். கோவத்துல சோறும் தின்னல்ல.” அந்தப் பக்கமிருந்து அழுகிற முகங்கள் வரிசையாக வந்தன. அதற்குப் பிறகு அவள் தன் சொந்தப் போனிலிருந்தே எழுதத் தொடங்கினாள். முதலில் நாடகம், பிறகு விஞ்ஞானப் பாடத்தில் விளங்காதது, அதற்கும் பிறகு அவளுடைய உம்மா சமைத்த மாசிச் சம்பலைப் பற்றி. அந்தச் செய்தியை டீச்சர் எங்களுக்கும் காட்டினார். டீச்சரின் சொந்த மகள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம்: “அந்த வீட்டுல வைஃபை இரிக்கா?”

இரண்டு பிள்ளைகளுக்கும் மனம் வர ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. அவர் அவசரப்படுத்தவில்லை. நோன்புப் பெருநாள் கழிந்து நிக்காஹ் நடந்தது. பெண்கள் பக்கத்தில் எங்களுக்கும் ஒரு பெரிய சஹன் வைத்தார்கள். ஒரே தட்டைச் சுற்றி இருந்து எல்லாரும் சாப்பிட வேண்டும். கணித டீச்சர் முதலில் தயங்கி, பிறகு எங்கள் எல்லாரையும்விட வேகமாகச் சாப்பிட்டார். மணப்பெண்ணின் மகளும் மாப்பிள்ளையின் மகளும் அதே சஹனில் இருந்து, எந்த நடிகனுக்குக் கண் அழகு என்று சண்டை பிடித்தார்கள்.

கணித டீச்சருக்கு இந்த வருடம் ஊருக்கு இடமாற்றம் கிடைத்துவிட்டது. விஞ்ஞான டீச்சர் இப்போது அக்குறணை பஸ்ஸில் வருகிறார். நேற்று இடைவேளையில், புதிதாகத் தொடங்கிய சீன நாடகத்தைப் பற்றி நான் ஆரம்பித்தேன்.

“ஒண்ணும் சொல்ல வேணாம் டீச்சர்” என்று என் வாயைப் பொத்தினார். “நாங்க இன்னம் பாக்கல்ல. அவருக்குக் கடையில வேல கூடுதல். நாலு பேரும் ஒண்டாத்தான் பாக்கிறதெண்டு பேசியிரிக்கிறோம்.”