ஐம்பதில் ஏழாவது பிரதி

இது நடந்தது. கதை கட்டத் தெரிந்த ஆள் இல்லை அவன். அச்சகத்தில் நிறம் சரிபார்ப்பவன். கண் பார்த்ததையும் லென்ஸ் வைத்துப் பார்த்த பிறகுதான் நம்புவான்.

மனைவிக்குக் கால் முறிந்து மாவுக்கட்டு. கட்டிலை விட்டு இறங்கக்கூடாது. "வெறும் செவுத்தயே பாத்துட்டுக் கிடக்கறேன்" என்றாள். அதனால்தான் வாங்கினான். நவீன ஓவியம் ஒன்றின் பிரதி, நூறு வருஷம் மங்காத தாளில், கண்ணாடிச் சட்டத்தோடு. சாம்பல் பரப்பு. குறுக்கே மூன்று கறுப்புக் கோடுகள். அவற்றுக்கு மேலே கட்டைவிரல் அளவு சிவப்பு. ஓரத்தில் பென்சிலால் 7/50.

பின்னட்டையில் பழைய பசைத் தடம் இருந்தது. யாரோ பிரித்து ஒட்டியிருக்கிறார்கள். கடைக்காரர் மேல் அப்போதே சந்தேகம்.

திங்கட்கிழமை கட்டிலுக்கு எதிரே மாட்டினான்.

"என்ன வரைஞ்சிருக்காருன்னு அவருக்காவது தெரியுமாங்க?"

"நீ சும்மா பாரு."

செவ்வாய் மாலை 5:10. "அந்தச் செவப்பு இறங்குதுங்க" என்றாள். மாத்திரை மயக்கம் என்று நினைத்தான். ஆனாலும் சிவப்புக்கு நேராகக் கண்ணாடியில் ஒரு துண்டு டேப் ஒட்டினான்.

புதன் மாலை 5:10. டேப் அங்கேயே இருந்தது. சிவப்பு நான்கு விரல் கீழே.

சட்டத்தைக் கழற்றி லென்ஸ் வைத்தான். லென்ஸில் எந்த அச்சிலும் பொடி மைப்புள்ளிகள் தெரியும். சாம்பலில் தெரிந்தது. கறுப்பில் தெரிந்தது.

சிவப்பில் புள்ளியே இல்லை.

தொட்டான். ஈரமில்லை... வெதுவெதுப்பாக இருந்தது.

வியாழன் காலை 11:20. சிவப்பு அடிவிளிம்புக்கு வந்திருந்தது. படத்தைச் சுவரிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துத் திரும்பினான். முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம்.

ச்சப்...

பல்லி என்று நினைத்தான்.

"கடையில திருப்பிக் குடுத்துட்டு ஒரு மணி நேரத்துல வந்துடறேன்" என்றான் அவளிடம்.

12:05. கடையில் பிரித்தான். சாம்பல். மூன்று கோடுகள். சிவப்பைக் காணோம்.

"செவப்பா? அம்பது பிரதியிலயும் செவப்பு கிடையாது சார்."

"இத முன்னாடி யாராவது திருப்பிக் குடுத்தாங்களா?"

கடைக்காரர் குனிந்துகொண்டார். "ரெண்டு பேர்."

"ஏன்?"

"பாக்க ஆள் இல்லன்னாங்க."

12:11. வீட்டுக்குப் போன் செய்தான். வெகுநேரம் அடித்தது.

"ஏங்க..." குரல் தணிந்திருந்தது. "படத்த எடுத்துட்டுப் போனீங்க, சரி. செவுத்துல இருக்கறத ஏன் விட்டுட்டுப் போனீங்க?"

"எங்க இருக்கு?"

"இப்பச் செவுத்துல இல்ல."

ஓடினான். அவள் நன்றாகத்தான் இருந்தாள். அறையில் ஒன்றுமில்லை.

மூன்று வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரல் அளவு சிவப்பு.

"கட்டு அழுத்தின தடம். போயிடும்" என்றார் டாக்டர்.

போகவில்லை. தினமும் மாலை 5:10க்கு அவள் காலில் சிவப்பு நிற்கும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போடுகிறான்.

நேற்று போட்ட கோடு, முழங்காலுக்கு மேலே.