நரம்பு கிடைக்காத பிள்ளைகளும் வேலம்மாள் சிஸ்டரும்

சென்ற வாரம் காலைத் தபாலில் ஓர் அஞ்சலட்டை வந்தது. "அக்கா புதன்கிழமை தவறிவிட்டார்கள். உங்களுக்குத் தெரியப்படுத்தச் சொல்லியிருந்தார்கள்" என்று இரண்டே வரி. எழுதியவர் வேலம்மாள் சிஸ்டரின் தம்பி. பழனி அடிவாரத்தில் பூக்கடை வைத்திருப்பவர். சிஸ்டருக்குச் சில மாதங்களாகச் சிறுநீரகக் கோளாறு என்று தெரியும். இவ்வளவு சீக்கிரம் என்று நினைக்கவில்லை. திண்டுக்கல்லில் என் ரத்தப் பரிசோதனைக் கூடத்தைப் பூட்டிவிட்டுப் பழனிக்குப் பஸ் ஏறினேன். துக்கம் விசாரிக்க வந்து உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் கொடைக்கானல் மலைக்காரர்கள். அவர்களுக்கும், சிஸ்டரை அறிந்தும் வர முடியாமல் போன உங்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன், ஐம்பதுகளின் நடுவில், கொடைக்கானலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் லேப் டெக்னீஷியன். அவர் பிள்ளைகள் வார்டு நர்ஸ். ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் முதல் நாளிலிருந்தே என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டார்.

வார்டிலிருந்து வரும் ரத்தம் சில நாள் கெட்டுப்போயிருக்கும். மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் சிவந்துவிட்டால் அதை வைத்து எதையும் சோதிக்க முடியாது. "மறுபடி எடுத்து அனுப்பவும்" என்று சீட்டு எழுதி அனுப்பிவிடுவேன். எனக்கு அது ஒரு வரி. ஒருநாள் சிஸ்டர் அந்தச் சீட்டோடு ஒரு பையனையும் கையில் பிடித்துக்கொண்டு லேபுக்கு வந்துவிட்டார். பெருமாள்மலை டீக்கடைக்காரர் மகன், நாலு வயது. இரண்டு முழங்கை மடிப்பிலும் பஞ்சு ஒட்டியிருந்தது.

"அண்ணே, சீட்டு எழுதிட்டீங்க. இந்தப் பிள்ளைகிட்ட நீங்களே சொல்லிருங்க."

"என்ன சொல்லணும் சிஸ்டர்?"

"இன்னொருக்கா குத்தணும்னு."

பையன் என்னையே பார்த்தான். நான் சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

சிஸ்டர் அவனை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, ரத்தம் ஏன் கெடுகிறது என்று கேட்டார். வேகமாக இழுத்தால் கெடும், தண்ணீர் கலந்தால் கெடும் என்றேன். "நான் மெதுவாத்தான் இழுத்தேன். தண்ணி எங்கயிருந்து வருது?" என்றார். எங்கள் சிரிஞ்செல்லாம் கண்ணாடிதான். கொதிக்க வைத்துத் திரும்பத் திரும்ப உபயோகிப்போம். வார்டுக்குப் போகத் தயாராக இருந்த ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே துளித் துளியாகத் தண்ணீர். சிரிஞ்சுகளைக் கொதிக்க வைத்து உலர்த்தி அனுப்புவது என் அறையின் வேலை. காலை ஏழு மணிக்குள் அனுப்பும் அவசரத்தில் நான் ஈரத்தோடே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். எத்தனை பிள்ளைகள் என்னால் இரண்டாம் முறை குத்துப்பட்டார்களோ!

சிஸ்டர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "இனிமே காயவச்சு அனுப்புங்க." அன்று உலர்ந்த சிரிஞ்சில் எடுத்த ரத்தம் தெளிவாக இருந்தது. டாக்டரிடம் புகார் போகும் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். போகவில்லை. பொறுக்க முடியாமல் நானே போய்ச் சொல்லித் திட்டு வாங்கினேன்.

"ஏண்ணே நீங்களா போயிச் சொன்னீங்க?"

"நீங்க சொல்லலையே, அதான்."

அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

அடுத்து அவர் மல்லுக்கு நின்றது அந்த ஏழு மணியோடு. வார்டில் ரத்தம் எடுப்பது அப்போதுதான், பனி விலகாத நேரம். கம்பளிக்குள்ளிருந்து எடுத்த கை ஐஸாக இருக்கும். குளிரில் நரம்பு சுருங்கி உள்ளே போய்விடும். அதே பிள்ளைக்கு வெயில் ஏறிய பிறகு புறங்கையில் நரம்பு தெரிவதை அவர் கவனித்திருந்தார். பிள்ளைகளுக்கு மட்டும் நேரத்தைப் பதினொரு மணிக்கு மாற்றுங்கள் என்று டாக்டரிடம் கேட்டார். டாக்டர் நல்லவர்தான், கொஞ்சம் பிடிவாதக்காரர்.

"பத்து மணிக்கு நான் ரவுண்ட்ஸ் வரும்போது ரிசல்ட் கையில இருக்கணும், சிஸ்டர்."

"அப்ப நாளைக்கு ஏழு மணிக்கு நீங்களே வந்து ஒரு பிள்ளைக்கு எடுத்துப் பாருங்க, டாக்டர்."

வந்தார். மூன்று முறை குத்தினார். கிடைக்கவில்லை. சிஸ்டர் அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வெயில் வந்ததும் வராந்தாவில் தாயின் மடியில் உட்கார வைத்து, நிறையத் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கையை நனைத்து, துடைத்து, விரலால் தடவித் தடவிப் பார்த்து, ஒரே குத்தில் எடுத்தார். மறுநாளே நேரம் மாறியது. நான் பாராட்டியபோது அவர் முகம் வாடியிருந்தது. "அந்தப் பிள்ளைய வச்சு நான் ஜெயிச்சிருக்கக் கூடாதுண்ணே. மூணு குத்து வாங்கினது அதுதான" என்றார். அதன்பிறகு அந்தக் கதையை யார் எடுத்தாலும் எழுந்து போய்விடுவார்.

பள்ளங்கியிலிருந்து ஒரு பூண்டு விவசாயியின் மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு வந்ததும் அந்த வருஷந்தான். பல நாளாக விட்டுவிட்டுக் காய்ச்சல். வேறெங்கோ ரத்தம் எடுக்க முயன்று பிள்ளையின் இரண்டு கையும் கன்றிப்போயிருந்தன. ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் குழந்தை அலறியது. டாக்டர் டைபாய்டு என்று சந்தேகப்பட்டார்.

"போதும் தாயி. பிள்ள கையப் பாருங்க. வீட்டுக்கே தூக்கிட்டுப் போறேன், ஆகுறது ஆகட்டும்" என்று அந்த அம்மா கிளம்பியே விட்டார். போயிருந்தால் அந்தக் குழந்தை பிழைத்திருக்குமோ என்னவோ.

சிஸ்டர் அவரை லேப் வாசலில் நிறுத்திவிட்டு என்னிடம் ஓடி வந்தார்.

"அண்ணே, உங்களுக்கு எவ்வளவு ரத்தம் வேணும்?"

"வழக்கமா அஞ்சு சி.சி."

"வழக்கத்தக் கேக்கலண்ணே. எதுக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க."

டைபாய்டு சோதனைக்கு நரம்பிலிருந்துதான் எடுக்க வேண்டும், மலேரியாவுக்கு விரல் நுனியில் ஒரு சொட்டு போதும் என்றேன். சட்டென்று திரும்பி அந்த அம்மாவிடம் கேட்டார்: "பிள்ளையக் கூட்டிட்டு வெளியூர் எங்கயும் போனீங்களா?"

"பாச்சலூர்ல எங்க அம்மா வீட்டுல பத்து நாளு கெடந்தோம்."

பாச்சலூர் கீழ்மலை. கொசு உள்ள இடம். "மொதல்ல அந்த ஒரு சொட்டப் பாத்துருவோம். அதுல தெரியலன்னா உங்க இஷ்டம்" என்றார். அந்த அம்மா திரும்பி வந்து உட்கார்ந்தார். விரல் நுனியில் ஒரு சிறு குத்து. குழந்தை அழத் தொடங்குவதற்குள் முடிந்துவிட்டது. மைக்ராஸ்கோப்பில் மலேரியாக் கிருமி தெளிவாகத் தெரிந்தது. டாக்டரும் பார்த்துவிட்டு மருந்து எழுதினார். அந்தக் குழந்தையின் நரம்பை யாரும் தொடவில்லை. நான்காம் நாள் அது கஞ்சி கேட்டது. பிறகு எந்தச் சோதனைக்கு எத்தனை சொட்டு என்று ஒரு பட்டியல் எழுதித் தரச் சொல்லி வார்டு சுவரில் ஒட்டினார். அதுவரை அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானாகவும் சொன்னதில்லை.

கடைசியாக என் வீட்டுக் கதை. என் மகளுக்கு ஆறு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்தது. அடிக்கடி ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. ஊராருக்கெல்லாம் சோதனை செய்யும் நான் என் பிள்ளையின் கையைத் தொடப் பயந்தேன். "வலிக்காதும்மா" என்று வழியெல்லாம் சொல்லிக் கூட்டிப்போனேன்.

சிஸ்டர் அவள் எதிரே குந்தி உட்கார்ந்தார். "வலிக்கும் கண்ணு. வெரசா முடிச்சிருவேன். எந்தக் கையின்னு நீ சொல்லு."

"அப்பா வலிக்காதுன்னாங்க."

"அப்பாவுக்குத் தெரியாது. அவுக கையில யாரும் குத்துனதில்ல." என் பக்கம் திரும்பினார். "உக்காருங்கண்ணே. சட்டைக் கையச் சுருட்டுங்க."

விளையாட்டு என்று நினைத்தேன். என் கையில் ஊசி ஏறியது. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிச்சதாப்பா?"

"வலிச்சது" என்றேன்.

"ரொம்பவா?"

"கொஞ்சம். இப்ப இல்ல."

அவள் சற்று யோசித்தாள். பிறகு தானாகவே இடது கையை நீட்டினாள். சிஸ்டர் வேறு ஊசி எடுத்தார். உதட்டைக் கடித்துக்கொண்டாள், கையை இழுக்கவில்லை. அன்றைக்குப் பிறகு ஒருமுறைகூட அவளை யாரும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்ததில்லை. இப்போது நன்றாக இருக்கிறாள், பள்ளி இறுதி வகுப்பில்.

வேலம்மாள் சிஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த உண்மையைத்தான். என் அறையில் ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்து "வலிக்குமா?" என்று கேட்டால், பெற்றவர்கள் முந்திக்கொண்டு பதில் சொல்வதற்குள் நான் "வலிக்கும்" என்கிறேன். பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்க்கும். நான் காத்திருப்பேன். ஏதோ ஒரு கை மெதுவாக என் முன்னால் நீளும்.