ஐஸ் பெட்டிக்குள் வைத்த போன்

கைப்பேசி பழுது பார்க்கும் தொழிலில் போனின் வாயைத் திறப்பது எளிது. அதைக் கொண்டுவந்தவரின் வாயைத் திறந்து உண்மையை வரவழைப்பதுதான் கடினம். இதே தொழிலில் அவதிப்படுகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அன்று பிற்பகல் என் கடையில் இருந்தவர்கள்: கல்லாவில் நான், பழுது பார்க்கும் மேசையில் என்னிடம் வேலை செய்யும் செல்வி, வாடிக்கையாளர் நாற்காலியில் அணுபுரம் குடியிருப்பைச் சேர்ந்த குமரேசன், மேசைக்கு எதிரே நின்றபடி மீனவர் ஏழுமலை, அவருக்குச் சற்றுத் தள்ளி, அவருடைய தங்கை கணவர் தாமோதரன், எல்லோருக்கும் நடுவில், வீங்கிய வயிற்றோடு ஏழுமலையின் போன். அன்று நடந்ததைச் சொல்வதற்கு முன், இவர்கள் முதலில் என்னிடம் வந்த கதைகளைச் சொல்லிவிடுகிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் கற்பித்து ஓய்வு பெற்றேன். பிறகு மாமல்லபுரத்துக்கும் திருவிடந்தைக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இந்தக் கடையைத் திறந்தேன். பேரன் பேத்திகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கலாமே என்று கேட்டவர்களிடம், அவர்களைப் பார்த்துக்கொள்ள அவர்களைப் பெற்றவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஸ்கூட்டருக்குள் ஓர் அடுப்பு

குமரேசன் படித்தவர், அணு ஆராய்ச்சிப் பணியில் இருப்பவர். காலையில் முழுமையாகச் சார்ஜ் ஏற்றும் போன் மாலைக்குள் தானாகவே அணைந்துவிடுகிறது என்று ஒரு நாள் வந்தார். செல்வி கழற்றிப் பார்த்தாள், பேட்டரியின் சக்தி குறைந்திருந்தது. பகல் முழுவதும் போன் எங்கே இருக்கும் என்று கேட்டேன். அலுவலகத்துக்குள் கொண்டுபோக அனுமதி இல்லாததால், ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவாராம். ஸ்கூட்டரை நிறுத்துவது எங்கே என்று கேட்டேன். வெயிலில்.

சித்திரை மாதத்து வெயிலில், மூடிய பெட்டிக்குள், அணைக்கப்படாத போன்! வெப்பத்தைப் போல் பேட்டரியை அரிப்பது வேறொன்றும் இல்லை. போனை அணைத்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், முடியாவிட்டால் வண்டியை நிழலிலாவது நிறுத்துங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னேன். இது உங்களுக்குத் தெரியாதா என்றும் கேட்டேன். அவர் கூச்சமே இல்லாமல் சொன்னார்:

"வெப்பப் பரிமாற்றம்தான் என் சப்ஜெக்டே மேடம். ஆனா ஆபீஸ் கேட்டுக்கு வெளியே அதைப் பத்தி யோசிக்கிறதில்லை."

செதில்

மீன் கூடையோடு கடைக்குள் வருகிறவர்களை நான் தடுப்பதில்லை. கூடையை மட்டும் வெளியே வைக்கச் சொல்வேன். கன்னியம்மா அப்படித்தான் வந்தார். தாமோதரனின் மனைவி, ஏழுமலையின் தங்கை. போனில் சார்ஜ் ஏறவில்லை என்றார். சார்ஜர் செருகும் துளைக்குள் செல்வி விளக்கை அடித்துப் பார்த்தாள். மெல்லிய குச்சியால் நெம்பி எடுத்தாள். வெளியே வந்தது ஒரு மீன் செதில். அதன் பின்னால் இருந்த இணைப்பு முனைகள் நசுங்கிக் கிடந்தன. முந்தானையில் குத்தியிருந்த சேஃப்டி பின்னை எடுத்துக் குடைந்திருக்கிறார், அதுவும் சார்ஜரில் போட்டுப் பார்த்து எடுத்த கையோடு.

உலோக முனை எதுவும் அந்தத் துளைக்குள் போகக் கூடாது என்று நான் சொல்லிக்கொண்டிருக்க, அவர் தம் குடும்பக் கதைக்குப் போய்விட்டார். அண்ணனும் கணவரும் முன்பு ஒரே படகில் போனவர்களாம். பிறகு பிரிந்தார்கள். அதற்குப் பின் ஏழுமலை மட்டும் மீன் நிறைந்த ஒரு பாரைக் கண்டுபிடித்தார். கடலடியில் இருக்கும் பாறைத் திட்டைத்தான் இவர்கள் பாரு என்பார்கள். தாமோதரன் அதைத் திருடப் பார்க்கிறார் என்பது அண்ணனின் சந்தேகம். "ஒரே கரையில வலையக் காயவெச்சிகினு ஆளுக்கொரு பக்கம் மூஞ்சத் திருப்பிக்கினு கீறாங்கோ" என்றார். சேஃப்டி பின்னை விட்டுக் குடைந்ததற்கு என்ன சமாதானம் என்று நான் மறுபடியும் கேட்டேன்.

"குத்துனா அழுக்கு போவும்னு பார்த்தேன் டீச்சரம்மா, சார்ஜே போயிட்ச்சு!"

ஐஸ் பெட்டி

ஏழுமலை முதன்முறை வந்தபோது அவருடைய போனின் திரைக்குள் பனி படர்ந்திருந்தது. தண்ணீரில் விழவில்லை என்று சத்தியம் செய்தார். உண்மை வெளிவர வெகு நேரம் ஆயிற்று. கடலுக்குப் போகும்போது ஈரம் படாமலிருக்க போனைப் பாலித்தீன் உறையில் போட்டு, ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டுவார். அந்த உறையோடே படகின் எஞ்சின் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்துச் சார்ஜ் போடுவார். சூடு வெளியேற வழியின்றிப் போன் கொதிக்கும். கொதிக்கிற போனைக் குளிர வைக்க, மீன் போடும் ஐஸ் பெட்டிக்குள் வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் நடுவில் புதைப்பார். குளிர்ந்த போனை வெளியே எடுத்ததும் கடற்காற்றின் ஈரம் அதற்குள்ளே நீராகும். அந்த நீரை வற்றவைக்க, வீட்டில் அரிசிக் குண்டானில் போடுவார். நண்பர்களே, ஒரு போனைக் கொல்வதற்கு இவ்வளவு பாடுபட்ட மனிதரை நான் கண்டதில்லை.

செல்வி உள்ளே இருந்த உப்புக் கறையைத் துடைத்துச் சுத்தம் செய்யும்வரை அவர் அவளுடைய கையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. பேட்டரி உப்பத் தொடங்கியிருக்கிறது, புதியது வரவழைக்க வேண்டும், அதுவரை போனை இங்கேயே விட்டுச் செல்லுங்கள் என்றேன். முடியாது என்றார். அவருடைய பாரும் அதைச் சுற்றி அவர் வலை போடும் இடங்களும் அந்தப் போனின் வரைபடத்தில்தான் குறிக்கப்பட்டிருந்தன, வேறெங்கும் இல்லை. வேறோர் இடத்திலும் பதிந்து வைக்கலாமே என்றதற்கு, இன்னோர் இடத்தில் இருந்தால் இன்னொருவன் பார்ப்பான் என்றார். படியிறங்கும்போது திரும்பி நின்றார்.

"பேட்டரி போனா கடையில வாங்கிக்கலாம் டீச்சரம்மா. பாரு போனா எந்தக் கடையில வாங்கறது?"

போன் இல்லாமல் வந்தவர்

போன் கடைக்குப் போன் இல்லாமல் வருகிறவர்களை நான் நம்புவதில்லை. தாமோதரன் அப்படி வந்தார். கண்ணாடிக்குள் இருந்த உறைகளை எல்லாம் விலை கேட்டார், ஒன்றும் வாங்கவில்லை. பிறகு, ஒரு போனில் குறித்து வைத்த இடங்களை இன்னொரு போனுக்கு மாற்ற முடியுமா என்று மெதுவாகக் கேட்டார்.

யாருடைய போன் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. போனுக்கு உரியவர் நேரில் வந்து, தம் கையால் திறந்து கொடுத்தால் மட்டும் முடியும், மற்றபடி இந்தக் கடையில் அந்த வேலை நடக்காது என்று, வகுப்பறையில் பேசும் குரலில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தலையைச் சொறிந்தபடி இன்னொரு கேள்வி கேட்டார்:

"அது வெடிக்கிறதுக்கு முன்னாடிதான் முடியுமா, வெடிச்சப்புறமும் முடியுமா? அத்த மட்டும் சொல்லு டீச்சரு."

அன்று பிற்பகல்

குமரேசன் புதிய பேட்டரி பொருத்திய போனை வாங்க வந்து உட்கார்ந்திருந்தார். வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் தாமோதரன், பின்னால் ஏழுமலை. இருவரும் ஒரே வண்டியில் வந்ததைக் கண்டு செல்வி கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டாள்.

ஏழுமலையின் போன் நன்றாக உப்பி, பின்மூடியைப் பிளந்துகொண்டு நின்றது. அதைத் தட்டையாக்குவதற்காக, கரையில் உட்கார்ந்து வலையில் கட்டும் ஈயக் குண்டுகளை அதன்மேல் அடுக்கிக்கொண்டிருந்தாராம். அடுத்த படகிலிருந்து அதைப் பார்த்த தாமோதரன் ஓடிவந்து குண்டுகளைத் தட்டிவிட்டு, ஆளையும் போனையும் வண்டியில் ஏற்றியிருக்கிறார். வீங்கிய பேட்டரியை அழுத்துவதும் குத்துவதும் சார்ஜில் போடுவதும் நெருப்பை விருந்துக்குக் கூப்பிடும் செயல்கள். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் செல்வி போனை அணைத்து, மூடியை நீக்கி, பேட்டரியின் இணைப்பை விலக்கி, பிளாஸ்டிக் அட்டையால் நோகாமல் நெம்பி எடுத்து, கொல்லைப்புறத்து மணல் வாளியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

அதன்பின் மேசையிலிருந்த பவர் சப்ளையின் கம்பிகளைப் போனுக்குக் கொடுத்தாள். விரிசல் விட்டிருந்த பழைய திரைக்குப் பதிலாகச் சோதனைத் திரை ஒன்றை மாட்டினாள். வெளிச்சம் வந்தது, பூட்டைத் திறக்கும் எண்ணைக் கேட்டது. திரை மேசைமேல் மல்லாந்து கிடந்ததால், எல்லோருக்கும் தெரிந்தது.

"நம்பரைப் போடு அண்ணே" என்றாள் செல்வி. "உள்ள உப்பு தின்னு வெச்சிருக்கு. இப்ப கரன்ட்ட நிறுத்தினா மறுபடி எழுந்திருக்குமான்னு சொல்ல முடியாது. இடத்தையெல்லாம் இப்பவே எடுத்துடணும்."

ஏழுமலை கையை நீட்டவில்லை. மச்சானைப் பார்த்தார்.

"பேட்டரிய எடுத்த மாதிரியே திருப்பி மாட்டு. நான் போறேன்."

"அந்தப் பேட்டரியை இனி எந்தப் போனிலும் நான் மாட்டவிட மாட்டேன்" என்றேன். "மாட்டினால் நாளைக்கு விடியற்காலையில் அது உங்கள் படகில், டீசல் கேனுக்குப் பக்கத்தில் இருக்கும்."

குமரேசன் சமாதானம் செய்ய முயன்றார். "இதெல்லாம் ஆன்லைன்ல போட்டு வெச்சிருந்தா இந்தப் பிரச்சினையே இல்லை சார்."

"ஆன்லைன்ல ஊரே கீது சார். இவன் ஒருத்தன் கண்ணுல படக்கூடாதுன்றேன், நீ ஊருக்கே காட்டச் சொல்ற."

"இன்னா மச்சான், வண்டியில ஏத்திகினு வந்தது நானு" என்றார் தாமோதரன்.

"இன்னாத்துக்கு ஏத்திகினு வந்த? பாக்கத்தான!"

தாமோதரனை வெளியே அனுப்பும்படி ஏழுமலை என்னிடம் கேட்டார். என் கடைக்குள் வந்தவரை, அதிலும் ஒரு விபத்தைத் தடுத்தவரை, நான் வெளியேற்றுவதில்லை என்றேன். செல்வி கம்பிகளைப் பிடித்தபடியே இருந்தாள். திரை ஒரு முறை மங்கித் திரும்பவும் எரிந்தது. ஏழுமலையின் நெற்றியில் வியர்வை கோத்திருந்தது. ஆனாலும் கைகளை இடுப்புத் துண்டுக்குள் செருகிக்கொண்டார்.

"இவன் இங்க கீற வரைக்கும் இது தொறக்காது டீச்சரம்மா. செத்தா சாவட்டும்."

பூட்டிய போன்களைத் திறப்பதற்கென்று இத்தொழிலில் நான் வாங்கிக் குவித்த கருவிகள் அலமாரி நிறைய இருக்கின்றன. அன்று ஏழுமலையின் போனைத் திறந்துவைத்தவர், மச்சான் வீடு திரும்ப வண்டிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, வெயிலில் இறங்கி நடந்துபோன தாமோதரன்தான்.