உப்புப் போத்தலைக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினேன்

போன வருடம் ஐப்பசி மாதம் காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் ஏறினேன். என் வயதுக்கு அதுதான் முதல் கடல் பயணம். எல்லோரும் கடலைப் பார்த்துப் பயந்தார்கள். எனக்கோ விட்டுவிட்டு வந்த கடையைப் பற்றித்தான் பயம்.

யாழ்ப்பாணத்தில் சண்டிலிப்பாய்ப் பக்கம் வீதிக்கரையில் எனக்கு ஒரு சின்ன இடியப்பக் கடை இருக்கிறது. காலையும் பின்னேரமும் இடியப்பம், பிட்டு, சொதி, சம்பல். கலியாணம் கட்டாத தனி ஆள் நான். என்னோடு நாலு பெண்கள் வேலை செய்தார்கள். முன்னுக்கு நின்று சனத்தோடு கதைத்து விற்கிற தைரியம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. தட்டிக்குப் பின்னால் குசினிக்குள் நின்றுவிடுவேன். முன்னுக்கு நிற்பது ஆரம்பத்திலிருந்தே என்னோடு இருக்கிற குருநகர்ப் பெண். கடற்கரைப் பிள்ளை, வாயும் கையும் ஓயாது.

அதற்கு முந்திய வருடம் எனக்கு டெங்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கடை பூட்டு. நாலு பேரும் தோடம்பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். “ஒரு குறையும் இல்லை அம்மா, நீங்கள் சுகமாகி வாங்கோ” என்று சிரித்துக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும், அந்த நாட்களில் அவர்கள் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போயிருக்கிறார்கள். ஒருத்தி மகளின் ரியூசனை நிற்பாட்டியிருக்கிறாள். நான் படுத்தால் நாலு வீட்டு உலை கொதிக்காது என்றால், இது என்ன கடை என்று எனக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வேலையாகக் கைமாற்றினேன். மா வறுப்பது, தேங்காய்ப்பால் திரளாமல் சொதி இறக்குவது, சந்தையில் சாமான் எடுப்பது, எல்லாவற்றுக்கும் இரண்டு பேர் பழகினார்கள். ஒருத்திக்குத் தலையிடி என்றால் மற்றவள் செய்வாள். உப்பை மட்டும் நான் விடவில்லை. “அம்மா, உப்பு!” என்று கூப்பிடுவார்கள். நான் போய்க் கையால் அள்ளிப் போட்டுவிட்டு வருவேன். அது என் கைராசி என்று எனக்குள் ஒரு நினைப்பு.

அப்படி இருக்கையில் தங்கச்சி போன் எடுத்தாள். யுத்தப் பிரச்சினைக் காலத்தில் தமிழ்நாட்டுக்குப் போனவள், அங்கேயே இருந்துவிட்டாள். முப்பது வருடத்துக்கு மேல் நாங்கள் நேரில் பார்க்கவில்லை. அவளுடைய பேத்திக்குக் கலியாணம், வா என்றாள். நான் வழக்கம்போல, “கடையை ஆர் பாக்கிறது?” என்றேன்.

“உன்ரை கடை என்ன கோயிலே அக்கா, ஒரு நேரப் பூசை தவறினால் குற்றம் வர?” என்று கேட்டுவிட்டு அழத் தொடங்கிவிட்டாள். சரி, வாறன் என்று சொல்லிவிட்டேன்.

போகும் முன் உப்புப் போத்தலைக் குருநகர்ப் பெண்ணிடம் நீட்டினேன்.

“எவ்வளவு போடுறது?” என்றாள்.

“பாத்துப் போடு.”

“பாத்துப் போட நான் என்ன சாத்திரியோ? நீங்கள் கையிலை அள்ளுங்கோ, நான் கரண்டியாலை அளக்கிறன்.”

அடுத்தடுத்த நாட்களில் நான் அள்ளிய உப்பை எல்லாம் சொதிக்குள் போக முதல் அளந்து பார்த்தாள். ஒரு நாள் இரண்டு கரண்டி. மறுநாள் மூன்றரை.

“அம்மா, இவ்வளவு காலமும் சனம் இதை எப்பிடித் திண்டது?”

குசினியே சிரித்தது. எனக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. பிறகு எல்லோருமாக ருசி பார்த்து ஒரு அளவு வைத்தார்கள். நான் கப்பல் ஏறினேன்.

ஒரு கிழமை, ஏழே நாள் என்றுதான் போனேன். கலியாணம் நன்றாக நடந்தது. தங்கச்சியும் நானும் விடிய விடியக் கதைத்தோம். திரும்பலாம் என்றபோது மழை, காற்று, கடல் கொந்தளிப்பு. கப்பல் ஓடவில்லை. விமானம் ஏற எனக்குப் பயம். ஒரு கிழமை போய் மூன்று கிழமைக்கு மேலாகிவிட்டது. தினமும் கடைக்குப் போன் எடுப்பேன்.

“நாங்கள் சுகமா இருக்கிறம். நீங்கள் சுகமோ?”

“சொதி எப்பிடி?”

“சொதியும் சுகம்.”

இதைக் கேட்டு நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வந்து “ஒரு குறையும் இல்லை” என்று சிரித்தவர்களும் இவர்கள்தானே. கடை பூட்டிக் கிடக்கிறதோ, நாலு பேரும் திரும்பத் தோட்டத்துக்குப் போகிறார்களோ என்று யோசித்து யோசித்து எனக்கு நித்திரை போய்விட்டது.

கடல் அடங்கிக் கப்பல் வந்ததும் ஒருவருக்கும் சொல்லாமல் புறப்பட்டேன். காங்கேசன்துறையில் இறங்கி ஓட்டோ பிடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கடைக்கு வந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. தூரத்திலேயே கடை வெளிச்சம் தெரிந்தது. வாசலில் குடைக்கு மேல் குடை. அவ்வளவு சனத்தை நான் என் கடையில் கண்டதில்லை. சரி, ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்துப் பையோடு முன்னுக்குப் போனேன்.

முன்னுக்கு நின்றவள் நான் முன்பின் பார்த்திராத ஒரு பெண். “ஆச்சி, பின்னாலை போங்கோ. எல்லாரும் வரிசையிலைதானே நிக்கினம்” என்றாள்.

இது என்ரை கடை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போய்க் கடைசியில் நின்றேன்.

எனக்கு முன்னால் ஒரு பெரியவர், கையில் சொதி வாங்கச் சின்ன வாளியோடு நின்றார். “ஆச்சி இஞ்சை புதுசோ?” என்று கேட்டார்.

நான் ஓம் என்று தலையாட்டினேன்.

“சொதியை விடாதேங்கோ. முந்தி ஒரு நாள் கடல், ஒரு நாள் கிணறு. இப்ப கொஞ்ச நாளாத்தான் ஒரே மாதிரிக் கிடக்கு. உப்புப் போடுற அம்மா இந்தியாவுக்குப் போட்டாவாம். அவ மெல்ல வரட்டும்!”

சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பு ஒரு பக்கம், கண்ணீர் ஒரு பக்கம். கடை பூட்டவில்லை. என்னைக் காணவில்லை என்று ஒருவரும் திரும்பிப் போகவும் இல்லை.

என் முறை வந்தபோது குருநகர்ப் பெண் ஆவி பறக்கும் சொதிப் பானையோடு உள்ளிருந்து வந்தாள். என்னைக் கண்டதும் பானையை டக்கென்று வைத்தாள்.

“ஐயோ மாதாவே! எடியே, முதலாளி அம்மாவையே வரிசையிலை நிக்க விட்டிருக்கிறாய்!”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். புதுப் பெண்ணுக்கு முகம் கறுத்துவிட்டது. வாளிக்காரப் பெரியவர், “அம்மா, நான் சும்மா பகிடிக்கு...” என்று இழுத்தார்.

“நீங்கள் சொன்னது சரிதான் ஐயா” என்றேன். அந்த வாசலில் நின்று முன்பின் தெரியாத ஒருவரோடு நான் சத்தமாகக் கதைத்தது அதுதான் முதல் தடவை. எல்லோரும் சிரிக்க, நானும் சிரித்தேன். புதுப் பெண்ணின் கையைப் பிடித்து, “நீ செய்ததும் சரி பிள்ளை, ஆரெண்டாலும் வரிசையிலைதான் வரவேணும்” என்றேன். சனம் கூடக் கூட, என்னைக் கேட்காமலே இவளையும் வேலைக்குச் சேர்த்திருக்கிறார்கள். கேட்டால் நான் பயந்து வேண்டாம் என்றிருப்பேன். அது அவர்களுக்குத் தெரியும்.

உள்ளே போனதும் பழக்கத்தில் அகப்பையைத் தேடினேன். குருநகர்ப் பெண் என்னைப் பிடித்து ஸ்ரூலில் இருத்தி, ஒரு கோப்பை நிறைய இடியப்பத்தை மடியில் வைத்தாள்.

“பேசாமல் இருந்து சாப்பிடுங்கோ. வேலை செய்ய ஆக்கள் இருக்கு. உங்களோடை கதைக்கத்தான் ஆளில்லாமல் போச்சுது. கலியாணத்திலை என்ன பலகாரம் போட்டவை? முதல்லை அதைச் சொல்லுங்கோ.”

ஐந்து பேரும் அவரவர் வேலையைச் செய்துகொண்டே கேட்க, நான் கலியாணக் கதை சொன்னேன்.

இப்போதும் ஒவ்வொரு பின்னேரமும் கடைக்குப் போகிறேன். போகாத நாளிலும் இடியப்பம் அவிகிறது. நாளைக்கு நான் எழும்பாவிட்டாலும் அந்த ஐந்து பெண்களின் வீட்டிலும் ஒரு குறையும் வராது என்ற நினைப்போடு படுக்கிறேனே, இந்த வயதில் எனக்கு அதைவிடப் பெரிய சுகம் வேறு என்ன இருக்கிறது?