நூலில்லாமல் நின்ற நாய்க்குட்டி

எங்கள் தந்தையார் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர், அவர் தைத்த கித்தான் கூரைக்கு அடியில் ஒரு முறையாவது மழைக்கு ஒதுங்கியிருப்பீர்கள். ஆகவே அவரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உங்களில் மிகச் சிலரே பார்த்த ஒரு வாரத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

அப்பா பிறந்தது பாராடாங் தீவில். ராமநாதபுரத்திலிருந்து காட்டு வேலைக்கு வந்த எங்கள் தாத்தா, அப்பாவுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது காய்ச்சலில் காலமானார். மூத்த பிள்ளையான அப்பா பள்ளிக்கூடத்தை விட்டுப் பாம்பூஃப்ளாட் என்னும் படகுத்துறை ஊருக்கு வந்து, தொண்டிக்காரரான ஒரு பாய் நடத்திய கித்தான் கடையில் சேர்ந்தார். படகுகளுக்கு மேற்கூரை, ஃபெர்ரியின் பக்கவாட்டில் தொங்கும் மழைத்திரை, லாரிகளுக்குத் தார்ப்பாய் என்று ஐம்பத்தைந்து ஆண்டுகள் தைத்தார். அத்தைகள் இருவரின் திருமணமும், என்னுடையதும் தம்பியுடையதுமான படிப்பும் அந்த ஊசி தந்தவை. எழுத்துக்கூட்டியே படிப்பார், ஆனால் நான் நூலகத்திலிருந்து கொண்டுவரும் புத்தகங்களைத் திருப்பி, முதுகுத் தையலைப் பார்த்து, "இது நல்ல புத்தகம்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

தைத்து முடித்த எதையும் அவர் அப்படியே கொடுத்ததில்லை. வாடிக்கையாளரின் கண்முன்னே அதைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு வாளித் தண்ணீரை ஓங்கி அடிப்பார். மறுபுறம் ஒரு சொட்டும் இறங்காவிட்டால்தான் பொருள் கைமாறும். "என் வார்த்தைய நம்ப வேணாம், தண்ணிய நம்புங்க" என்பார்.

அவர் மறைவதற்கு ஏழு மாதங்களுக்கு முன், தம்பிக்குச் சென்னைக்கு மாற்றலாயிற்று. கப்பலுக்கு ஒரு வாரம் இருக்கையில், தம்பியின் ஆறு வயது மகள் யாழினி தன் துணிப்பொம்மையுடன் அப்பாவிடம் வந்து நின்றாள்.

"தாத்தா, மெயின்லாண்டுல மீனுவுக்கு யாரையும் தெரியாது. அவளுக்கு ஒரு நாய் வேணும்."

மீனு என்பது அந்தப் பொம்மையின் பெயர். அப்பா சிரிக்கவில்லை. டேப்பை எடுத்து மீனுவின் மடியை அளந்தார்.

"துணியில தச்சுரவா?"

"மீனுவே துணிதான் தாத்தா. நாய்க்கு முடி இருக்கணும்."

"எங்க வச்சிருப்பீங்க?"

"கப்பல் டெக்குல. ரெண்டு பேரும் கடல் பாப்பாங்க."

"அப்ப சாரல் அடிக்கும்" என்று சொல்லி, அளவோடு அதையும் குறித்துக்கொண்டார்.

எங்கள் அடுத்த வீட்டு ஷிப்ரா தீதி, கம்பளிப் பஞ்சில் சிறு பறவைகள் செய்பவர். அப்பா அவரிடம் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளப் போனார். சீவிய பஞ்சைச் சுருட்டி, ஒரு ஸ்பாஞ்சின் மேல் வைத்து, மெல்லிய ஊசியால் குத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஊசி முனையின் நுண்ணிய பற்கள் இழைகளை உள்ளே இழுத்துப் பின்ன, பஞ்சு இறுகி உருவம் பெறும். நூலோ முடிச்சோ கிடையாது. கித்தானில் ஊசியைச் சாய்த்து நெம்பியே பழகிய அப்பாவின் கையில், முதல் நாளே மூன்று ஊசிகள் முறிந்தன.

"தாதா, சீதா மாரோ! யே ஆப்கா தார்பால் நஹீ ஹை!" என்று தீதி கடிந்துகொண்டார். அண்ணா, நேராகக் குத்துங்கள், இது உங்கள் தார்ப்பாய் இல்லை என்று பொருள். எழுபது வயது அப்பா, மாணவரைப் போல, "டீக் ஹை, தீதி", சரி அக்கா, என்றார்.

அம்மாவோ அடுப்படியிலிருந்து, "கப்பலுக்குத் தச்ச மனுசன் பொம்மையோட நாய்க்கு வந்துட்டாரு. அடுத்து என்ன, நாயோட பேனுக்கா?" என்றார்.

ஐந்தாம் நாள் நாய்க்குட்டி எழுந்து நின்றது. பழுப்பு உடல், வெள்ளை மார்பு, மடங்கிய காதுகள். யாழினி மீனுவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அப்பா நாயை முற்றத்துக் கல்லில் நிறுத்தினார். நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்கும் முன், ஒரு சொம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றிவிட்டார்.

பழுப்புச் சாயம் மார்பில் வழிந்தது. சரியாக இறுகாத கால்கள் நழுவின. தலை ஒருபுறம் தொங்கிற்று. யாழினி அழவில்லை. மீனுவின் முகத்தைத் தன் தோளில் புதைத்து, "நீ பாக்காத" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

அடைமழைக் காலம், நனைந்த கம்பளி காய வழியில்லை. கப்பலுக்கு இரண்டு நாள்கள் இருந்தன.  அப்பா உள்ளே சென்று, பேத்தியின் எதிரில் தரையில் அமர்ந்தார்.

"தப்பு தாத்தாவோடதும்மா. கித்தானுக்கு வைக்கிற பரிட்சைய கம்பளிக்கு வச்சுட்டேன். வேற நாய் செய்றேன்."

"மீனு கோவமா இருக்கா" என்றாள் அவள்.

"இருக்கட்டும். கோவப்பட வேண்டியதுதான்."

எங்களில் எவரிடமும் அப்பா அப்படி மன்னிப்புக் கேட்டதில்லை. அதற்குத் தேவை வராதபடி வாழ்ந்தவர். தேவை வந்தபோது, ஆறு வயதுப் பிள்ளையிடம் ஒரு சொல்லும் குறைக்காமல் கேட்டார். அவருடைய குணங்களில் நான் முதலில் எண்ணுவது இதைத்தான்.

தீதியிடம் சாயமேற்றாத வெண்பஞ்சு மட்டுமே மிச்சமிருந்தது. இரண்டு பகலும் அப்பா வாசல் வெளிச்சத்தை விட்டு எழவில்லை. கப்பல் ஏறும் நாள் சாத்தம் துறைக்கு ஃபெர்ரியில் போகும்போதும், மடியில் ஸ்பாஞ்சை வைத்து நாயின் கடைசிக் காலைக் குத்திக்கொண்டிருந்தார். எதிரே கூடையுடன் உட்கார்ந்திருந்த மீன்காரர் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணே, இட்லிய இந்தக் குத்துக் குத்துறீங்க? வேகலையா?" என்றார். அப்பா நிமிராமல், "வெந்துகிட்டே இருக்கு, தம்பி" என்றார்.

துறைமுக வாயிலுக்கு அப்பால் எங்களுக்கு அனுமதி இல்லை. அங்கே நின்று, அப்பா வெள்ளை நாய்க்குட்டியை யாழினியிடம் நீட்டினார். அவள் உடனே வாங்கவில்லை.

"தண்ணி ஊத்திப் பாத்தீங்களா தாத்தா?"

"இல்லம்மா. இதுக்கு அந்தப் பரிட்சை கிடையாது. வேணும்னா கால இழுத்துப் பாரு. நல்லா இழு."

அவள் ஒரு காலைப் பிடித்தாள். அப்பாவின் விரல்கள் வேட்டி ஓரத்தை இறுகப் பற்றியிருந்ததை நான் பார்த்தேன். பிறகு அவள் கையை எடுத்துவிட்டாள்.

"வேணாம். இழுத்தா அதுக்கு வலிக்கும்."

நாய்க்குட்டியை மீனுவின் மடியில் வைத்து, இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டு உள்ளே நடந்தாள்.  திரும்பும் ஃபெர்ரியில் அப்பா, "வாங்கிட்டா" என்று மட்டும் சொன்னார்.

அதன்பின் அவருடைய இதயம் மெல்லத் தளர்ந்தது. படுக்கையில் இருந்தது பன்னிரண்டு நாள்கள்தான். யாருக்கும் பாரமாக இருக்கவில்லை. ஒரு காலைப் பொழுதில், அம்மா கொடுத்த கஞ்சியைப் பாதி அருந்தியபின் அமைதியாக அடங்கினார்.

அந்நாள்களில் இரவு பகல் பாராது துணைநின்ற ஷிப்ரா தீதிக்கும், அப்பாவைத் தோளில் சுமந்த கித்தான் கடை பாயின் பிள்ளைகளுக்கும், ஃபெர்ரித் தொழிலாளர்களுக்கும், லம்பா லைனிலிருந்து வந்து அம்மாவுடன் தங்கிய அத்தைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பரீட்சை ஏதும் வைக்காமல் அப்பாவின் கையிலிருந்து பொருள் வாங்கிக்கொண்ட ஒரே வாடிக்கையாளரான எங்கள் யாழினிக்கு, அவர் சார்பில் நான் நன்றி சொல்கிறேன்.