கையால் போட்ட நான்கு போல்ட்டுகள்

நான் பொய் சொல்கிறவன்தான். "நாளைக்கு வண்டி ரெடி" என்று இருபது வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். ஆனால் இது பொய் இல்லை. பட்டப்பகலில், என் சொந்த ஷெட்டில், சாப்பாட்டு நேரத்தில் நடந்தது. அதிலிருந்து மதியச் சாப்பாடு எனக்குத் தொண்டைக்குக் கீழே இறங்குவதில்லை. என் தொப்பையைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள். போகட்டும்.

தங்கை வீட்டுக்காரர் ஒரு பழைய வேன் வாங்கினார். ஏழு மாதமாக வேலையில்லாத மனிதர். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அந்த வேனோடு போய் நின்றால், மருந்துக் கம்பெனியில் சரக்கு ஓட்டும் வேலை. நிற்காவிட்டால் அது அடுத்த ஆளுக்கு.

"மச்சான், உள்ள லேசா புகை வாசனை வருது. பாத்துக் குடுங்க" என்று புதன்கிழமை கொண்டுவந்து நிறுத்தினார்.

பேனட்டைத் திறந்தேன். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

எஞ்சின் புகையை வாங்கிச் சைலன்சர் குழாய்க்கு அனுப்புகிற வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட். அதில் குழாயைப் பிடித்துக்கொள்ள நான்கு போல்ட்டுகள். நான்கு துளையிலும் மரை இல்லை. எவனோ ஜென்மப் பகை தீர்ப்பதுபோல முறுக்கி, மரையை மாவாக்கியிருந்தான். அதற்கு முன்பே இரண்டு பேர் துளையைப் பெரிதாக்கிச் சரிசெய்த தடம் தெரிந்தது. அதையும் அறுத்திருந்தான்.

"இதைச் செஞ்சவன் கையில கிடைக்கட்டும்..."

"கோபப்படாதீங்க மச்சான், பிபி ஏறும்."

"என் பிபி கிடக்கட்டும் மாப்ள. அவன் ஃபியூஸைப் புடுங்கணும்."

துளைகளை மேலும் பெரிதாக்கி, புது மரை வெட்டி, பசை தடவிய எஃகுச் சுருளை உள்ளே இறக்கினேன். பசை காய ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை போல்ட்டை விரலால் மட்டும் திருகி வைத்துவிட்டுச் சாப்பிடப் போவது எங்கள் தொழிலில் வழக்கம்.

1:25க்குப் பின்கட்டில் இருக்கும் வீட்டுக்குப் போனேன். 2:15க்குத் திரும்பினேன்.

நான்கு போல்ட்டும் இறுகியிருந்தன. ஸ்பேனரை வைத்தால் சும்மா சுற்றின. எஃகுச் சுருள்கள் குடல் சரிந்ததுபோல வெளியே தொங்கின.

மாப்பிள்ளை வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"தொட்டீங்களா?"

"சத்தியமா இல்ல. நீங்கதான் உள்ள வேலை பாக்கிறீங்கன்னு நெனச்சேன். போல்ட்டு முறுக்குற ராட்செட் சத்தம் கேட்டுச்சே?"

கோபத்தில் அந்தக் கடைசி வார்த்தை என் காதில் ஏறவில்லை.

வியாழக்கிழமை சுருளுக்குப் பதில் கனமான எஃகுக் குழல்களை இறக்கினேன். சாப்பிட்டு வந்தேன். 2:10. அவையும் பிய்ந்து கிடந்தன. அப்போது நான் சொன்னதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"ஏழு மாசம் சும்மா இருந்த கை! இன்னும் ஒரு மணி நேரம் சும்மா இருக்கக் கூடாதா?"

அவர் எழுந்து, பேண்ட்டைத் தட்டிக்கொண்டு நடந்தார். சாயங்காலம் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, வண்டியும் வேணாம், வேலையும் வேணாம்னு சுவரைப் பாத்துப் படுத்திருக்காரு. உனக்கு இப்ப குளுகுளுன்னு இருக்கா?"

வெள்ளிக்கிழமை மீண்டும் குழல்களை இறக்கினேன். இதுதான் கடைசி. இன்னொரு முறை அறுந்தால் துளையைச் சுற்றி இரும்பே மிஞ்சாது. மேனிஃபோல்ட் காயலான் கடைக்குத்தான். மாப்பிள்ளையும் கூடவே.

போல்ட்டுகளை விரலால் போட்டேன். ஷட்டரை இறக்கி உள்ளே பூட்டினேன். ராட்செட்டை மடியில் வைத்துக்கொண்டு, டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். வருகிறவன் யாராக இருந்தாலும் மண்டை உடைவது நிச்சயம்.

1:31. புகை வாசனை.

எஞ்சின் ஓடவில்லை. பேட்டரியே மேசைமேல்தான் இருந்தது.

1:36. மேனிஃபோல்டைத் தொட்டேன். வெதுவெதுப்பு...

1:40.

டப்.

டிரைவர் பக்கக் கதவு மூடிய சத்தம். திறந்த சத்தம் கேட்கவில்லை.

"இறுக்கியாச்சா?"

ஆண் குரல். அவசரக் குரல்.

க்ரிக்...

பேனட்டுக்குள்ளிருந்து.

க்ரிக்... க்ரிக்...

என் ராட்செட் என் மடியில் இருந்தது.

"இறுக்கியாச்சா?"

க்ரிக்... க்ரிக்...

இன்னும் நாலு சுற்று. அவ்வளவுதான், மரை போய்விடும். பயம் இருந்தது. ஆனால் மூன்று நாள் கோபம் அதை முந்திக்கொண்டது.

"இல்லடா! இன்னும் இறுக்கல! கையாலதான் போட்டிருக்கு! புகை உள்ள வரும், வண்டிய எடுக்காதே!"

சத்தம் நின்றது.

1:43. யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

"எல்லாரும் எறங்குங்க."

பக்கக் கதவு சறுக்கித் திறந்தது. என் கண் எதிரே. தானாக.

தொப். சின்னக் கால்கள்.

தொப். இன்னும் சின்னவை.

பிறகு வளையல் சத்தம்...

பிறகு எதுவும் இல்லை.

நான் எப்போது டப்பாவிலிருந்து விழுந்தேன் என்று தெரியாது. எழுந்து பார்த்தபோது போல்ட்டுகள் விரலுக்கே அசைந்தன. 2:45க்கு இறுக்கினேன். மரை அருமையாகப் பிடித்தது.

சனிக்கிழமை தங்கை வீட்டு வாசலில் சாவியோடு நின்றேன். "மாப்ள, என் வாயை நாலு ஸ்பேனரால அடிங்க" என்றேன். "உங்க வாய்க்கு நாலு பத்தாது, உள்ள வாங்க" என்றார். திங்கட்கிழமை ஆறு மணிக்கு வேலையில் சேர்ந்தார்.

செவ்வாய்க்கிழமை, வேனை விற்ற தரகரிடம் கேட்டு, பழைய மெக்கானிக்கின் வீட்டைக் கண்டுபிடித்தேன். வேனிலிருந்து கழற்றிய பழைய போல்ட்டுகளை அவர் முன்னால் எறிந்தேன்.

"ஒரு பைத்தியக்காரன் மாதிரி இப்படி இறுக்கினது நீங்கதானே?"

அவர் போல்ட்டுகளையே பார்த்தார்.

"நான் எங்கங்க இறுக்கினேன்? இறுக்கவே இல்ல."

பசை காயட்டும் என்று சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். வேன் அவர் தம்பியுடையது. தம்பி குடும்பத்தோடு வெளியூர் கிளம்பியவன். இறுக்கியாச்சா என்று வாசலிலிருந்து கேட்டிருக்கிறான். "ஏதோ ஞாபகத்துல ஆச்சுன்னு சொல்லிட்டேங்க." வழியில் மழை. ஓரங்கட்டி, ஜன்னலை ஏற்றிவிட்டு, எஞ்சினை அணைக்காமல் கண்ணசந்திருக்கிறார்கள். புகை உள்ளே நிறைந்திருக்கிறது. யாரும் எழுந்திருக்கவில்லை.

என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. குனிந்து போல்ட்டுகளைப் பொறுக்கினேன்.

"உங்ககிட்டயும் என் தம்பி கேட்டானா?"

தலையாட்டினேன்.

"என்ன சொன்னீங்க?"

"இன்னும் இல்லன்னு சொன்னேன். எறங்கிட்டாங்க."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது.

"எத்தனை பேரு?"

"மூணு. ரெண்டு சின்னப் புள்ளைங்க, ஒரு பொம்பள."

"நாலு பேருங்க. ஓட்டின தம்பி எறங்கலியா?"

அப்போது மணி 12:50. மாப்பிள்ளை அந்த வேனில்தான், டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சரக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்.

இன்றும் ஓட்டுகிறார். நான் இன்னும் சொல்லவில்லை.